ஊர்ந்து போகும் ஸ்மால்டாக்: அறிகுறியை வைத்து விஎம் வேகத்தைச் சீர்செய்யும் வழிமுறை

ஸ்மால்டாக் நிரல்மொழியின் இரண்டு வடிவங்களான பாரோ, ஸ்க்வீக் இரண்டில் எதில் வேலை செய்தாலும் இந்த வழிமுறை பொருந்தும். இரண்டின் விஎம்மும் (நிரலை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்) ஒரே வேரில் கிளைத்தவை. இரண்டிலும் காக் என்ற ஜிட் (நிரல் ஓடும்போதே அதை இயந்திரக் குறியீடாக்கும் பகுதி) இருக்கிறது. நினைவகத்தைப் பார்த்துக்கொள்வது ஸ்பர். இரண்டு மாதிரி நிரல்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, சேலம் செவ்வாய்பேட்டைக் கடையில் மேசைக் கணினியில் ஓடும் வெள்ளிக் கொலுசுக் கணக்கு. மற்றொன்று, ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் எடைத் தராசோடு இணைத்த ராஸ்பெரி பை பெட்டி. கீழே வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றிலாவது வந்தே தீரும்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறது. தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டுங்கள். ஸ்க்வீக்கில் பாராமீட்டர் கேட்கும் மெசேஜ் 'ஸ்மால்டாக் விஎம்பாராமீட்டர்அட்:'. பாரோவில் 'ஸ்மால்டாக் விஎம் பாராமீட்டர்அட்:'. எண்கள் இரண்டிலும் ஒன்றே.

எதையும் தொடுமுன்

விஎம் மெதுவாக இருக்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றில் விஎம் மேல் குற்றமே இருக்காது. அதனால் ஈடன் (புதுப் பொருள்கள் பிறக்கும் நினைவகப் பகுதி) அளவை ஏற்றுவது, கோட் ஸோனை (இயந்திரக் குறியீடு வைக்கும் இடம்) பெருக்குவது எல்லாம் கடைசி வேலை. முதலில் மூன்று விஷயங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, '1 டைனிபெஞ்ச்மார்க்ஸ்'. இரண்டு எண்கள் வரும். முதலாவது நொடிக்கு எத்தனை பைட்கோட் (விஎம் படிக்கும் சிறு கட்டளை), இரண்டாவது நொடிக்கு எத்தனை செண்ட் (மெசேஜ் அனுப்புவது). முதல் எண் சல்லடை முறையில் பகா எண் தேடும் சுழலிலிருந்து வருகிறது. இரண்டாவது, ஃபிபோனாச்சி ரிகர்ஷனிலிருந்து. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது மட்டும் படுத்துக் கிடந்தால், தொல்லை மெசேஜ் அனுப்பும் வழியில் இருக்கிறது.

இரண்டு, விஎம் பதிப்பு வரி. அதில் 'கோஇன்டர்ப்ரெட்டர்' என்ற சொல் இருக்கிறதா, 'ஸ்டாக்இன்டர்ப்ரெட்டர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று, எந்த மெத்தடில் எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் மெசேஜ்டேலி அறிக்கை:

மெசேஜ்டேலி ஸ்பைஆன்: [ கணக்கு மாதஅறிக்கை ]

மேலே இருக்கும் மரத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். கீழே இருக்கும் 'லீவ்ஸ்' பகுதியும் அதற்கும் கீழே ஜிசி (வேண்டாத பொருள்களை அகற்றி நினைவகத்தை மீட்கும் வேலை) வரிகளும் அதைவிட முக்கியம். இது மாதிரி எடுத்துக் கணிக்கும் கருவி என்பதை மறக்க வேண்டாம். நீளமான ஒரு ப்ரிமிட்டிவ் (விஎம்மே நேரடியாகச் செய்யும் வேலை) ஓடிக்கொண்டிருக்கும்போது மாதிரி எடுக்கும் ப்ராசஸ் உள்ளே நுழைய முடியாது; அந்த நேரத்தின் பழி அடுத்து வரும் செண்டின் மேல் விழும். சம்பந்தமே இல்லாத ஒரு சின்ன மெத்தட் 30 விழுக்காடு தின்கிறது என்று அறிக்கை சொன்னால், அதற்கு முந்தைய வரியில் என்ன ப்ரிமிட்டிவ் இருக்கிறது என்று பாருங்கள்.

ப்ளேக்ரவுண்டில் (குறியீட்டை எழுதி உடனே ஓட்டிப் பார்க்கும் சாளரம்) அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாறிகளை '| அ ஆ |' என்று அறிவிக்காமல் எழுதினால் அவை சாதாரண உள்மாறிகள் அல்ல. பைண்டிங் வழியாகப் போய் வரும். அந்தச் சுழலின் வேகத்துக்கும் உண்மையான மெத்தடின் வேகத்துக்கும் சம்பந்தம் இருக்காது. அளக்க வேண்டியதை மெத்தடாக எழுதி, அதைச் சில தடவை ஓடவிட்டு, பிறகு 'பெஞ்ச்' போடுங்கள். காக் பொதுவாக ஒரு மெத்தடை முதல் அழைப்பிலேயே இயந்திரக் குறியீடாக்குவதில்லை. இரண்டாவது முறை மெத்தட் கேஷில் (தேடிக் கண்ட மெத்தட்களைக் குறித்து வைக்கும் பட்டியல்) அது தட்டுப்படும்போதுதான் மொழிபெயர்க்கும்.

அறிகுறி: எந்த வேலை கொடுத்தாலும், தொடக்கத்திலிருந்தே மெதுவு

பாராமீட்டர் 46-ஐக் கேளுங்கள். அது இயந்திரக் குறியீடு வைக்கும் இடத்தின் அளவு. 0 அல்லது 'நில்' வந்தால் ஜிட் இல்லாத ஸ்டாக் விஎம் ஓடுகிறது. ஆர்ம் சில்லுள்ள பெட்டிகளில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் 64 பிட் ஆர்முக்கு ஜிட் வந்து சேர்ந்தது இன்டெலுக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். பழைய இமேஜோடு (நிரலும் பொருள்களும் ஒன்றாகச் சேமித்த கோப்பு) வந்த பழைய விஎம்மை அப்படியே நகலெடுத்துப் போட்டிருந்தால் ஜிட் இருக்காது. விஎம்மை மாற்றுவது ஒன்றே வழி. இமேஜில் என்ன திருத்தினாலும் பலன் இல்லை.

46 சரியாக இருந்தால், விஎம்மை நீங்களே கட்டினீர்களா என்று யோசியுங்கள். டீபக், அசர்ட் என்று இரண்டு வகைக் கட்டுகள் உண்டு. அசர்ட் கட்டு ஒவ்வொரு அடியிலும் தன்னையே சோதித்துக்கொள்ளும். பிழை தேட அருமையானது. கடையில் பில் போட அது உதவாது.

ஏற்காட்டுப் பெட்டி நன்றாக ஓடுகிறது, அதே மைக்ரோ எஸ்டி அட்டையைச் சேலத்தில் இன்னொரு பெட்டியில் போட்டால் ஊர்கிறது என்றால், ஸ்மால்டாக்கை விட்டுவிட்டுப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, மூடிய உறைக்குள் இருக்கும் பை 4-க்கு அந்தச் சலுகை கிடையாது. 80 டிகிரியைத் தொட்டதும் சில்லு தன் கடிகாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்

0எக்ஸ்0 வந்தால் குறையில்லை. 0எக்ஸ்50000 வந்தால், துவக்கியதற்குப் பிறகு ஒரு நேரத்தில் மின்னழுத்தம் தாழ்ந்திருக்கிறது, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அழுத்தம் தாழ்ந்த கொடி தெரிந்தால் முதல் சந்தேகம் அடாப்டர் மேல். பை 4 கேட்பது 5.1 வோல்ட், 3 ஆம்பியர். மெல்லிய கைபேசி சார்ஜர் வயரில் அது வந்து சேராது. அடாப்டரை மாற்றி, வெப்பத் தகடு ஒட்டி, மறுபடி டைனிபெஞ்ச்மார்க்ஸ் ஓட்டி, பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: ஆங்கிலப் பெயர் என்றால் பறக்கிறது, தமிழ்ப் பெயர் என்றால் இழுக்கிறது

மற்ற நாட்டுக் கையேடுகளில் இதற்கு ஒரு வரி கூடக் கிடைப்பது அரிது. நம் ஊர் நிரல்களில் இதுதான் முதல் எதிரி.

255-க்குள் அடங்கும் எழுத்துகள் மட்டும் உள்ள சரம் பைட்ஸ்ட்ரிங். எழுத்துக்கு 1 பைட். தமிழ் யூனிகோட் அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. ஆகவே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் சரமும் வைட்ஸ்ட்ரிங் ஆகிவிடும். குறியீட்டுக்கு 4 பைட். 'ஏற்காடு' என்ற பெயரில் புள்ளியும் துணையெழுத்துகளும் தனித்தனிக் குறியீடு என்பதால் மொத்தம் 7. கோப்பில் யூடிஎஃப்-8 ஆக 21 பைட், இமேஜில் 28 பைட். நினைவகம் கூடுதலாகச் செலவாவது பெரிய விஷயமில்லை. நேரத்தைத் தின்பவை வேறு.

முதலாவது, உருமாற்றம். 'ரைட்ஸ்ட்ரீம் ஆன்: ஸ்ட்ரிங் நியூ' என்று தொடங்கிய ஸ்ட்ரீம் பைட்ஸ்ட்ரிங்கைத்தான் கையில் வைத்திருக்கிறது. முதல் தமிழ் எழுத்து விழுந்ததும் அந்தச் சரம் புதிய வைட்ஸ்ட்ரிங்காக நகலெடுக்கப்பட்டு 'பிகம்ஃபார்வர்ட்:' மூலம் இடம் மாற்றப்படும். ஸ்பரில் பிகம் மலிவு, பழைய விஎம் போல நினைவகம் முழுக்கத் தேடாது. ஆனால் பில்லின் ஒவ்வொரு வரிக்கும் புது ஸ்ட்ரீம் திறந்தால் ஒவ்வொரு வரிக்கும் இந்தச் சடங்கு நடக்கும். தமிழ் வரப்போகிறது என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே இப்படி எழுதுங்கள்:

ரைட்ஸ்ட்ரீம் ஆன்: (வைட்ஸ்ட்ரிங் நியூ: 4096)

அறிக்கை முழுவதற்கும் ஒரே ஸ்ட்ரீம் போதும். சுழலுக்குள் ',' போட்டு ஒட்டிக்கொண்டே போகும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விடுங்கள். ஒவ்வொரு ஒட்டலிலும் இதுவரை சேர்ந்த எல்லாம் மறுபடி நகலாகும். தமிழில் அது நான்கு மடங்கு பைட்.

இரண்டாவது, ஒப்பீடும் ஹாஷும் (தேடலுக்காகச் சரத்திலிருந்து கணக்கிடும் எண்). பைட்ஸ்ட்ரிங்குக்கு இவற்றைச் செய்ய விஎம்மிலேயே ப்ளகின் ப்ரிமிட்டிவ் இருக்கிறது. வைட்ஸ்ட்ரிங் வந்தால் அந்த ப்ரிமிட்டிவ் கைவிரித்துவிடும். வேலை இமேஜில் உள்ள சாதாரண ஸ்மால்டாக் சுழலுக்கு வந்து சேரும். தமிழ்ப் பெயரைச் சாவியாக வைத்த டிக்ஷனரியில் ஒவ்வொரு 'அட்:' அழைப்புக்கும் ஹாஷ் புதிதாகக் கணக்கிடப்படும். மெசேஜ்டேலியின் லீவ்ஸ் பகுதியில் ஸ்ட்ரிங்ஹாஷ் தலைதூக்கினால் இதுதான் விஷயம்.

தீர்வு எளிது. பெயரைச் சாவியாக வைக்காதீர்கள். பட்டறைக்காரர், ஊர், சரக்கு எல்லாவற்றையும் பொருளாக்கி, கணக்கு வரி அந்தப் பொருளையே பிடித்துக்கொள்ளட்டும். பெயரைத் தேடுவது திரையில் தட்டும் ஒரு நொடி மட்டும். ஊர்ப்பெயர் போல அளவான பட்டியல் என்றால் 'அஸ்ஸிம்பல்' செய்து (ஒரே சொல்லுக்கு எப்போதும் ஒரே பொருள் கிடைக்கும்) ஐடென்டிட்டிடிக்ஷனரியில் வைக்கலாம். வாடிக்கையாளர் பெயரையெல்லாம் ஸிம்பலாக்குவது அதிகப்படி.

மூன்றாவது, வரிசைப்படுத்தல். யூனிகோட் வரிசை நம் அகர வரிசை அல்ல. ன-வும் ற-வும் ள, ழ-வும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அதைச் சரிசெய்ய 'சார்ட்டட்:' பிளாக்குக்குள்ளேயே ('[ ]' அடைப்புக்குள் எழுதும் குறியீடு) எழுத்து எழுத்தாக எடை போடுவார்கள். 10,000 பெயருக்கு ஏறத்தாழ 1,30,000 ஒப்பீடு, ஒவ்வொன்றிலும் இரண்டு பெயரை முழுதாக அலசல். பெயருக்கு ஒரு முறை அகர வரிசைச் சாவியை பைட்அர்ரேயாகக் கணக்கிட்டுப் பொருளிலேயே வைத்துவிட்டால், பிளாக்குக்குள் அந்தச் சாவிகளை ஒப்பிட்டாலே போதும்.

கூடவே ஒன்று. 'கொலுசு' என்ற சொல்லில் கொ-வின் துணையெழுத்து ஒரே குறியீடாகவும் வரும், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரிந்தும் வரும். முதல் வகையில் 6 குறியீடு, இரண்டாவதில் 7. கண்ணுக்கு ஒன்று, விஎம்முக்கு இரண்டு வேறு சரங்கள். இதைச் சமாளிக்கத் தேடும் ஒவ்வொரு இடத்திலும் திருத்தி ஒப்பிடும் மெத்தட் எழுதி வைத்திருப்பார்கள். தட்டச்சு உள்ளே வரும் வாசலில் ஒரே முறை ஒழுங்குபடுத்திவிட்டால் அந்த மெத்தடையே தூக்கிப் போடலாம்.

அறிகுறி: கூட்டல் போகப் போகக் கனக்கிறது

முதல் 100 வரி சட்டென்று முடியும், 5,000-ஆவது வரிக்கு மேல் ஒவ்வொரு வரியும் இழுக்கும். லீவ்ஸில் 'ஜிசிடி:' தெரிந்தால் நோய் உறுதி. ஸ்மால்டாக்கில் '/' என்பது முழு எண்களுக்கு இடையில் துல்லியமான பின்னத்தைத் தரும். 347 கிராம் கொலுசு, 62 டச் (நூற்றில் 62 பங்கு வெள்ளி). சுத்த வெள்ளி 347 * 62 / 100 என்று எழுதினால் விடை 215.14 அல்ல, 10757/50 என்ற ஃப்ராக்ஷன் பொருள். இதுவரைக்கும் தாங்கும். சராசரி எடுக்க 7 ஜோடி, 11 ஜோடி, 13 ஜோடி என்று வகுத்து அவற்றைக் கூட்டினால் பகுதி 1001-க்குப் போகும். வித்தியாசமான எண்கள் சேரச் சேரப் பகுதி வீங்கி லார்ஜ்இன்டிஜர் ஆகும். ஒவ்வொரு கூட்டலிலும் மீப்பெரு பொது வகுத்தி தேட வேண்டும். ஸ்கேல்ட்டெசிமல் போட்டால் தப்பிக்கலாம் என்பார்கள். அதன் வயிற்றுக்குள் இருப்பதும் பின்னம்தான், காட்டும்போது மட்டும் இரண்டு இலக்கம்.

எடையை மில்லிகிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்ணாகவே வையுங்கள். 347000 * 62 // 100 என்றால் 215140. முடிந்தது. மீதத்தை யார் கணக்கில் சேர்ப்பது என்பது வியாபார முடிவு. அதை ஒரே மெத்தடில் வைத்து எல்லோரும் அதையே கூப்பிடட்டும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. 32 பிட் விஎம்மில் ஸ்மால்இன்டிஜர் 1,07,37,41,823 வரைதான். மில்லிகிராமில் அது 1,073 கிலோ சொச்சம். ஆண்டு மொத்தம் அதைத் தாண்டினால் ஒவ்வொரு கூட்டலும் நினைவகத்தில் புதுப் பொருள் படைக்கும். 64 பிட் ஸ்பரில் எல்லை 2-இன் 60-ஆம் அடுக்கு. சேலத்து வெள்ளி முழுவதையும் கூட்டினாலும் அந்தப் பக்கம் போகாது. தசம எண்ணிலும் அதே கதை: 32 பிட்டில் ஒவ்வொரு ஃப்ளோட் விடையும் தனிப் பொருள், 64 பிட்டில் வழக்கமான அளவுள்ளவை சுட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். தேர்வு கையில் இருந்தால் 64 பிட்டுக்கு மாறுங்கள். வேறு எந்தத் திருத்தமும் இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு தராது.

அறிகுறி: காலையில் வேகம், சாயங்காலம் ஊர்வது, நடுவில் அரை நொடி உறைதல்

பாராமீட்டர் 7 முழு ஜிசி எத்தனை தடவை நடந்தது என்பது. 8 அதற்கான மில்லிநொடி. 9, 10 இரண்டும் புதுப் பொருள்கள் இருக்கும் இளம் பகுதியை மட்டும் சுத்தம் செய்யும் ஸ்கேவெஞ்சுக்கு. 3 மொத்த நினைவக அளவு. கடை திறக்கும்போது ஒரு முறை, மூடும்போது ஒரு முறை எழுதி வையுங்கள்.

3 ஏறிக்கொண்டே போனால் எதையோ யாரோ விடாமல் பிடித்திருக்கிறார்கள். ஸ்பேஸ்டேலி ஓட்டி எந்த வகுப்பின் பொருள்கள் குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். வழக்கமான ஆசாமிகள்: வகுப்பு மாறியில் சேரும் கேஷ், மூடிய சாளரம் அனௌன்ஸரிலிருந்து (நிகழ்வுகளை அறிவிக்கும் பொருள்) பதிவு நீக்காமல் போனது, மூடாமல் ஒதுக்கி வைத்த டீபக்கர். திறந்திருக்கும் ஒவ்வொரு டீபக்கரும் தன் ஸ்டாக்கையும் அதில் தொங்கும் எல்லாவற்றையும் உயிரோடு வைத்திருக்கும். இமேஜைச் சேமித்தால் அவையும் கூடவே சேமிக்கப்படும்.

7 மட்டும் ஏறி 3 ஏறாமல் இருந்தால், நிரலில் 'கார்பேஜ்கலெக்ட்' என்று தேடுங்கள். நல்லெண்ணத்தில் எவராவது சுழலுக்குள் எழுதியிருப்பார்கள். 'ஆல்இன்ஸ்டன்ஸஸ்' அழைப்பையும் தேடுங்கள். அது நினைவகம் முழுக்க நடந்து பார்க்கிறது. இரண்டும் இல்லையென்றால் நினைவகம் சிறு சிறு துண்டாக வளர்ந்து மறுபடி சுருங்குகிறது. ஸ்பர் ஒவ்வொரு ஸ்கேவெஞ்சுக்குப் பிறகும் நினைவகம் எவ்வளவு வளர்ந்தது என்று பார்க்கும்; பாராமீட்டர் 55 சொல்லும் விகிதத்தைத் தாண்டினால் முழு ஜிசி. பெரிய கோப்பை உள்ளே இழுக்கும்போது பாராமீட்டர் 25-ஐ (நினைவகம் வளரும் அளவு) 128 எம்பி ஆக்குங்கள், அதாவது 128 * 1024 * 1024. ஒரு தடவைக்கு அவ்வளவு கேட்டு வாங்கும். 24-ஐ (இதற்கு மேல் சும்மா இருந்தால் நினைவகம் திருப்பித் தரப்படும்) அதைவிடப் பெரிதாக, 256 எம்பி, வையுங்கள். தவறிச் சிறிதாக வைத்தால் வாங்கியதை உடனே திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்கிக்கொண்டே இருக்கும். 1 ஜிபி பையில் இரண்டையும் கால் பங்காக்குங்கள்.

ஈடன் அளவு பாராமீட்டர் 45. வைத்ததும் மாறாது, இமேஜைச் சேமித்து மறுபடி திறந்த பிறகுதான் நடப்பு அளவைக் காட்டும் 44-இல் தெரியும். 'மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்ற புகாருக்குக் காரணம் இதுவே. ஸ்கேவெஞ்சின் செலவு உயிரோடு மிஞ்சும் பொருள்களைப் பொறுத்தது, ஈடன் அளவைப் பொறுத்ததல்ல. அதனால் பெரிய ஈடன் நல்லதுதான். ஆனால் சில்லின் கேஷை மிக விஞ்சிப் பெரிதாக்கினால் ஒவ்வொரு புதுப் பொருளும் தூர நினைவகத்தில் விழும். பையில் 16 எம்பி, மேசைக் கணினியில் 32 அல்லது 64 என்று வைத்து அளந்து பாருங்கள்.

9 சீராக ஏறியும் 10 மட்டும் குதித்தால், ஒரு நுட்பமான காரணம் இருக்கலாம். 'அர்ரே நியூ: 1000000' போன்ற பெரிய பொருள் ஈடனுக்கு வராது, நேரே முதிய பகுதிக்குப் போகும். அதற்குள் புதிதாகப் பிறந்த வரிப் பொருள்களைப் போட ஆரம்பித்ததும் அது நினைவுப் பட்டியலில் (இளம் பொருள்களைச் சுட்டும் முதிய பொருள்களின் பட்டியல்) ஏறும். அதன் பின் ஒவ்வொரு ஸ்கேவெஞ்சிலும், புதிதாக எழுதியது பத்து இடமாக இருந்தாலும், 10 லட்சம் இடமும் தேடப்படும். 10,000 இடமுள்ள 100 அர்ரேக்களாகப் பிரித்தால் நிரம்பியவை பட்டியலிலிருந்து தானாக விலகும்.

அறிகுறி: ஒரு மெத்தட் மட்டும் ஏனோ இன்டர்ப்ரெட்டரில் கிடக்கிறது

காக் எல்லா மெத்தடையும் மொழிபெயர்ப்பதில்லை. 60-க்கு மேல் லிட்டரல் (மெத்தடோடு சேர்த்து வைக்கப்படும் சரம், மெசேஜ் பெயரான செலக்டர் போன்றவை) இருந்தால் தொடாது. விலைப் பட்டியலை 'இஃப்ட்ரூ:' சங்கிலியாக எழுதினால், ஒவ்வொரு சரமும் ஒரு லிட்டரல், ஒவ்வொரு புது செலக்டரும் ஒரு லிட்டரல்; 60 எளிதில் தாண்டும். பட்டியலை '#( )' அர்ரேயாக்கினால் முழுதும் சேர்ந்து ஒரே லிட்டரல். டிக்ஷனரியில் வைத்தால் இன்னும் நல்லது. மாற்ற முடியாத தானியங்கிக் குறியீடு என்றால் விஎம்மைத் துவக்கும்போது 'காக்மேக்ஸ்லிட்ஸ்' அளவை ஏற்றலாம்.

மொழிபெயர்த்த மெத்தடிலும் பிளாக் எழுதும் விதம் வேகத்தை மாற்றும். 'இஃப்ட்ரூ:', 'ஒயில்ட்ரூ:', 'டு:டூ:', 'அண்ட்:' ஆகியவற்றுக்கு நேரடி பிளாக் கொடுத்தால் கம்பைலர் அவற்றைத் தாவலாக மாற்றிவிடும். பிளாக்கை மாறியில் வைத்துக் கொடுத்தால் அது உண்மையான செண்ட். 'டூ:' எப்போதும் உண்மையான செண்ட். இதைப் பாருங்கள்:

மொத்தம் := 0.
வரிகள் டூ: [ :வ | மொத்தம் := மொத்தம் + வ எடை ]

'மொத்தம்' பிளாக்குக்குள் எழுதப்படுவதால் அதற்குத் தனியே ஒரு சிறு அர்ரே படைக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் சுற்றுவழியில் போய் வருகிறது. ப்ரொஃபைலர் கை நீட்டிய சுழலில் மட்டும் வரிகளை 'அஸ்அர்ரே' செய்து, '1 டு: வரிகள் ஸைஸ் டூ:' என்று மாற்றுங்கள். மாறி சாதாரண உள்மாறி ஆகும், அர்ரேயின் 'அட்:' இயந்திரக் குறியீட்டிலேயே முடியும். எல்லா 'டூ:' அழைப்பையும் இப்படி மாற்றுவது வெட்டி வேலை. நிரலின் அழகும் கெடும்.

தவறான எண் வந்தால் பிடிக்க 'ஆன்:டூ:' போடுவது செலவில்லாதது. எக்ஸெப்ஷன் உண்மையில் எழும்போதுதான் ஸ்டாக்கில் மேலே மேலே ஏறி யார் பிடிப்பார்கள் என்று தேட வேண்டும். தராசு அனுப்பும் வரிகளில் பாதி வெற்று வரி என்றால், எக்ஸெப்ஷனை நம்பாமல் முதல் எழுத்தைப் பார்த்து ஒதுக்குங்கள். டிக்ஷனரியில் 'அட்:இஃப்ஆப்ஸண்ட்:', 'டிடெக்ட்:இஃப்நன்:' இருப்பதும் இதற்காகவே. சுழலுக்குள் 'ட்ரான்ஸ்க்ரிப்ட் ஷோ:' மறந்து கிடக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: வகுப்புகள் கூடக் கூட அதே செண்ட் மெதுவாகிறது

ஒவ்வொரு செண்ட் இடத்திலும், கடைசியாக வந்த வகுப்பையும் அதற்கான மெத்தடையும் காக் அங்கேயே பதித்து வைக்கும். இந்த உத்தியை டாய்ச், ஷிஃப்மன் இருவரும் 1984-இல் வெளியிட்டார்கள். இரண்டாவது வகுப்பு வந்தால் சிறு பட்டியலாக மாறும். 1991-இல் செல்ஃப் மொழிக்காக ஹோல்ஸ்லே, சேம்பர்ஸ், அங்கர் சொன்ன வழி. காக்கில் அந்தப் பட்டியலுக்கு 6 இடம். ஏழாவது வகுப்பு வந்தால் பட்டியலைக் கைவிட்டு, பொது மெத்தட் கேஷில் தேட ஆரம்பிக்கும். சரக்கு வகைக்கு ஒரு துணைவகுப்பு என்று 15 வகுப்பு எழுதி, எல்லாவற்றையும் ஒரே சுழலில் 'எடை' கேட்டால் இதுதான் நடக்கும். வகை வித்தியாசம் வெறும் எண் வித்தியாசம் என்றால் துணைவகுப்பு எதற்கு? மாறியாக வையுங்கள். உண்மையிலேயே நடத்தை வேறு என்றால் வகைவாரியாகப் பிரித்துத் தனித்தனிச் சுழலில் ஓட்டலாம்.

இதைவிட மோசம் 'டஸ்நாட்அண்டர்ஸ்டாண்ட்:' மூலம் வேலை செய்யும் ப்ராக்ஸி (இன்னொரு பொருளுக்குப் பதிலாக நிற்கும் பொருள்). முன்னோர் வகுப்பு முழுதும் தேடித் தோற்ற பிறகு, மெசேஜ் பொருள் ஒன்றைப் படைத்து அனுப்ப வேண்டும். அதிகம் வரும் நாலைந்து மெசேஜுக்கு ப்ராக்ஸியிலேயே நேரடி மெத்தட் எழுதுங்கள்.

பாராமீட்டர் 62 இயந்திரக் குறியீட்டு இடம் எத்தனை முறை நிரம்பிச் சுருக்கப்பட்டது என்று சொல்லும். 63 அதன் மில்லிநொடி. அறிக்கை ஓடும்போது 62 நிற்காமல் ஏறினால்தான் அந்த இடத்துக்கு வேண்டிய அளவைச் சொல்லும் 47-ஐ ஏற்ற வேண்டும். ஒன்றிரண்டு தடவை ஏறுவது இயல்பு.

அறிகுறி: சும்மா இருக்கும்போதே சிபியு 100 விழுக்காடு

தராசைப் படிக்கும் சுழலில் காத்திருப்பு இல்லை. '[ [ தராசு படி ] ரிபீட் ] ஃபோர்க்' என்று எழுதினால் அது முன்னுரிமை 40-இல், திரையை வரையும் ப்ராசஸுக்குச் சமமாக ஓடும். தராசு 1 நொடிக்குச் சில தடவைதான் எண் அனுப்புகிறது. '(டிலே ஃபார்மில்லிசெகண்ட்ஸ்: 100) வெயிட்' ஒன்று போதும். ஒரே முன்னுரிமையில் உள்ள ப்ராசஸ்களுக்கு விஎம் நேரம் பங்கிட்டுத் தராது. ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தவர். நீளமான அறிக்கையை 30-இல் விடுங்கள், திரை உறையாது. ஆனால் 40-இல் ஓயாத சுழல் ஒன்று இருந்தால் 30-க்கு முறையே வராது. அறிக்கை முடியவே இல்லை என்ற புகாருக்கு இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சொந்தமாக விஎம் எழுதுபவர்களுக்கு

பைட்கோட் எண் நன்று, செண்ட் எண் மோசம்: அழைப்புக்கு அழைப்பு கான்டெக்ஸ்ட் பொருளை (அழைப்பின் நிலையைப் பிடித்து வைப்பது) நினைவகத்தில் படைக்கிறீர்கள். சாதாரண ஸ்டாக்கில் ஃப்ரேமாக வைத்து, எவராவது 'திஸ்கான்டெக்ஸ்ட்' கேட்டால் மட்டும் பொருளாக்குங்கள். மெத்தட் கேஷுக்கு வகுப்பு, செலக்டர் இரண்டையும் எக்ஸார் செய்து 1024 இடம் போதும். முதல் இடத்தில் மோதினால் இன்னும் இரண்டு இடம் பார்த்துவிட்டுப் பிறகு முழுத் தேடலுக்குப் போகலாம். ஒரு மெத்தடைத் திருத்தும்போதெல்லாம் கேஷ் முழுவதையும் அழிக்க வேண்டாம்; அந்த செலக்டர் உள்ள இடங்களை மட்டும் அழித்தால் போதும்.

இரண்டு எண்ணும் மோசம்: 'ஸ்விட்ச்' ஒன்றின் வழியாகவே எல்லா பைட்கோடும் போய் வருகிறது. ஜிசிசியில் (சி மொழிக் கம்பைலர்) ஒவ்வொரு பைட்கோடின் முடிவிலும் அடுத்ததற்கு நேரே தாவும் கணித்த 'கோட்டூ' எழுதி, பைட்கோட் சுட்டியையும் ஸ்டாக் சுட்டியையும் உள்மாறியில் வையுங்கள். ஸ்க்வீக்கின் பழைய இன்டர்ப்ரெட்டருக்கு ஆக் மொழியில் எழுதிய 'நூயிஃபை' என்ற சிறு நிரல் இதைத்தான் செய்து கொடுத்தது. மாற்றியதும் அசெம்பிளி வெளியீட்டைத் திறந்து பாருங்கள். சில சமயம் கம்பைலர் நீங்கள் பிரித்த தாவல்களையெல்லாம் மறுபடி ஒரே இடத்தில் சேர்த்திருக்கும். ஜிசிசிக்கு '-எஃப்நோ-ஜிசிஎஸ்ஈ' கொடியைக் கொடுத்துக் கட்டிப் பாருங்கள்.